நான்கு தாள் சேரும் மூலை

1998 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், எங்கள் புவியியல் சார் பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கச் சொன்னார். பிளஸ் ஒன்னில் அந்தக் குரூப் எடுத்தவர்கள் பதினாலு பேர்தான், அதனால் அறை சீக்கிரம் காலியாகிவிட்டது. ஒருவன் தரையைப் பெருக்கினான். சார் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த சுருளைப் பிரித்து, நான்கு பெரிய தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தரையில் விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்தோம்.

"நம்ம ஊர் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினாலு பேரும் முட்டிபோட்டுக் குனிந்தோம். அதற்கு முன் நாங்கள் பார்த்த படங்களெல்லாம் அட்லஸில் இருப்பவை. அதில் மதுரை ஒரு புள்ளி, மேலூர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ஊர் எந்தப் புத்தகத்திலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. இந்தத் தாளிலோ ஊர்ப் பெயர்கள் எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கமாகக் கிடந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிவப்புச் சிவப்பாகச் சின்னக் கட்டங்கள், கோயில் இருந்தால் கோயில் குறி, கிணறு இருந்தால் நீலப் புள்ளி.

அது டோப்போஷீட், மேடு பள்ளம் முதல் கிணறு வரை காட்டும் நிலவரைபடம். இந்திய நில அளவைத் துறை அச்சிடுவது. தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு தாளுக்குள் ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் நிலம் அடங்கும். மற்ற பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தாள் போதும், எங்களுக்கு நாலு வேண்டியிருந்தது. காரணத்தைச் சார் பிறகு சொன்னார். பத்து டிகிரி வடக்கு அட்சக்கோடும், 78 டிகிரி 15 நிமிடக் கிழக்குத் தீர்க்கக்கோடும் மதுரை - மேலூர் சாலைக்குப் பக்கத்தில்தான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நான்கு தாள்களின் மூலையும் அங்கேதான் கூடுகிறது: 58 ஜே/4, 58 ஜே/8, 58 கே/1, 58 கே/5. எங்கள் ஊர் ஒரு தாளில், அதன் கண்மாய் பாதி ஒரு தாளில் பாதி அடுத்த தாளில், பஸ் ஏறும் இடம் இன்னொன்றில். எதைப் பார்க்கவேண்டுமானாலும் நாலையும் சேர்த்து வைத்தாக வேண்டும். அதற்காகவே பெஞ்சை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்.

முதலில் கண்டுபிடித்தது யானைமலையை. ஒத்தக்கடைப் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது மலையே இல்லை, படுத்திருக்கிற யானை. தாளில் யானையும் இல்லை, தும்பிக்கையும் இல்லை. பழுப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக, வாழைப்பூவை நெடுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி நெருக்கி அடித்துக்கொண்டு ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடந்தன. "ஒவ்வொரு கோட்டுக்கும் இருபது மீட்டர் உயர வித்தியாசம். கோடு நெருங்கியிருந்தா செங்குத்து, விலகியிருந்தா சமதரை" என்றார் சார். சம உயரக் கோடு என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். அன்றைக்குத்தான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, இந்த இடத்தில் பாறை வழுக்கும், இந்த இடத்தில் ஏறலாம் என்று பேசினோம். மலையடிவாரத்து ஊர்ப் பையன் ஒருவன் மாடு மேய்க்க ஏறும் பாதையைக் கோடுகளுக்கு நடுவே காட்டினான். அவன் அதுவரை வகுப்பில் வாய் திறந்தவன் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் குரூப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கினவர்கள் அறிவியல் குரூப்புக்குப் போவார்கள், அடுத்தவர்கள் காமர்ஸுக்கு. மிச்சம் இருப்பவர்களுக்கு வரலாறு, புவியியல். நாங்கள் மிச்சம் என்பது எங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சாருக்கு மட்டும் அது தெரிந்த மாதிரியே இருக்காது. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் எங்களிடம் இளப்பமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மலைக்கு அப்புறம் கண்மாய்கள். நீல நிறத்தில் பிறை பிறையாக, ஒன்றின் கீழ் ஒன்று. எல்லாப் பிறைக்கும் கனத்த கரை கிழக்கேயும் தென்கிழக்கேயும்தான் இருந்தது, மேற்குப் பக்கம் திறந்து கிடந்தது. ஏன் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றார். கோட்டின் எண்களைப் பார்த்தோம். மேற்கே எண் பெரியது, கிழக்கே சிறியது. சரிவு எங்கே போகிறதோ அங்கே கரையைப் போட்டு மறிக்கிறார்கள், வருகிற பக்கத்தைத் திறந்து விடுகிறார்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று இன்றைக்குக் கேட்கலாம். பதினாறு வயதுவரை அந்தக் கரையில்தான் நடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

அடுத்த வாரம் ஆளுக்கொரு முழம் நூல் கொண்டுவரச் சொன்னார். நூலைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு நுனியை எங்கள் கண்மாயின் கலுங்கில், அதாவது நிறைந்த தண்ணீர் வழிகிற கல்கட்டில் வைத்து, அந்த உபரித் தண்ணீர் போகும் மறுகால் ஓடை வளைகிற வளைவெல்லாம் நூலை வளைத்து ஒட்டவேண்டும். ஈர நூல் தாளில் அப்படியே படிந்து நிற்கும். அடுத்த கண்மாயைத் தொட்டதும் நகத்தால் பிடித்து எடுத்து, தாளின் அடியில் இருக்கும் அளவுகோலில் நீட்டி வைத்தால் தூரம் தெரியும். தாளில் ஈரம் படக்கூடாதே என்று அவருக்கு உள்ளுக்குள் பதற்றம் இருந்திருக்கும். "பிழி, இன்னும் பிழி" என்று ஒவ்வொருவன் பின்னாலும் வந்து நின்றார். எங்கள் கண்மாயில் ஆரம்பித்து ஏழு கண்மாய் போனோம். பதினோரு கிலோமீட்டர் வந்தது.

தாள்களின் ஓரத்தில் அளந்த ஆண்டு போட்டிருந்தது, எழுபதுகள். அந்தத் தாள்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்பதையும் சொன்னார். கடலோரப் பகுதிகளின் தாள்கள் பாதுகாப்புக் காரணத்தால் அன்று பொதுமக்களுக்குக் கிடைக்காது. 2005-ல் புதிய வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. மதுரை உள்நாடு என்பதால் எழுதிப்போட்டு, பணம் கட்டி, சொந்தக் காசில் வாங்கியிருந்தார். தாளில் ஒரு குன்றின் மேல் சின்ன முக்கோணம் இருந்ததைக் காட்டி, அதற்கு ஒரு கதை சொன்னார். 1802-ல் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தரையில் சங்கிலி பிடித்து அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டுத்தான் இந்தியாவையே அளந்தார்கள். மலையில்லாத சீமையில் உயரத்துக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமாகிவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். இதைச் சொல்லும்போது சார் தன் இரண்டு கையையும் நீட்டி, வளைந்த பித்தளை வளையத்தை நிமிர்த்துகிற மாதிரி செய்து காட்டினார். அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் கொடுத்த வீட்டுப்பாடம் இது: வீட்டில் பெரியவர்களிடம் போய், நம் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் எதற்குப் போகும் என்று கேட்டு வரிசையாக எழுதி வா.

என் தாத்தா நீர்பாய்ச்சி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்று பார்த்துப் பாய்ச்சுகிறவர் நீர்பாய்ச்சி. நிலக்காரர்கள் அவரவர் வயலுக்குத் தாங்களே மடை திறக்கக்கூடாது, அவர்தான் திறப்பார், அவர்தான் அடைப்பார். இளவட்டமாக இருந்தபோது நிறைகண்மாயில் மூழ்கிப் போய் மடை திறந்தவர். மழை பெய்கிற ராத்திரியில் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு கரையைச் சுற்றுவார். கூலி பணமாகக் கிடையாது. அறுப்புக் களத்தில் மரக்கால் கணக்கில் நெல் அளப்பார்கள். பங்காளிச் சண்டையில் அரிவாளைத் தூக்குகிறவன்கூடத் தண்ணீர் விஷயத்தில் தாத்தா சொன்னால் கேட்பான். ஆனால் அதே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் சாவடியில் தாத்தா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. படிக்குக் கீழே நின்று பேசுவார். ஏன் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

அவரிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றபடியே சொல்லிக்கொண்டு போனார். "நம்ம பெரிய கம்மா நெறஞ்சா கலுங்கு வழியா புதுக் கம்மா. புதுக் கம்மா நெறஞ்சா ரெண்டாப் பிரியும், பாதி ஆண்டிக் கம்மா, பாதி கீழக் கம்மா..." ஏழு முடிந்தும் நிற்கவில்லை, பதிமூன்று சொன்னார். எந்தக் கண்மாய் நிறைய எத்தனை பொழுது ஆகும், எந்த இடத்தில் ஓடையில் மணல் சேரும், எங்கே ஒரு ஆள் காவல் நிற்காவிட்டால் அக்கரை ஊர்க்காரன் மறுகாலை வெட்டித் தன் பக்கம் திருப்புவான், எல்லாம் வந்தது. நான் எழுத எழுத நோட்டில் இடம் போதவில்லை.

நோட்டைப் படித்த சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தாவைக் கூட்டிட்டு வர முடியுமாப்பா?" என்றார்.

தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே சார் தன் நாற்காலியை எடுத்து, விரித்திருந்த தாள்களுக்கு நேராகப் போட்டிருந்தார்.

"உக்காருங்க ஐயா."

"இருக்கட்டும் வாத்தியாரய்யா, நான் இப்படி நிக்கிறேன்."

"நீங்க உக்காந்தாத்தான் நாங்க தரையில உக்கார முடியும்."

தாத்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சார் தரையில், எங்களோடு. தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. முதல் ஐந்து நிமிடம் அவருக்கு அந்தத் தாளில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் சார் யானைமலையைக் காட்டி, மேற்கைக் காட்டி, பெரிய கண்மாயின் பிறையில் அவர் விரலைப் பிடித்து வைத்தார். விரல் கலுங்கைத் தாண்டி ஓடையில் இறங்கியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் காட்டவேண்டியிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தாளுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டார். விரல் போய்க்கொண்டே இருந்தது, நாங்களும் தவழ்ந்து பின்னால் போனோம்.

எங்கள் கண்மாய்க் கரையின் மேல் தாளில் '3' என்றும் பக்கத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்து ஆர் என்றும் இருந்தது. கரை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அப்படிக் குறிப்பார்கள், மூன்று மீட்டர். சார் அதைச் சொல்லாமல், "கரை எவ்வளவு உசரம் ஐயா?" என்று கேட்டார். "ரெண்டு ஆள் மட்டம் இருக்கும்" என்றார் தாத்தா. சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் அந்த எண்ணைப் பார்த்தோம்.

புதுக் கண்மாய்க்குக் கீழே ஓர் இடத்தில் தாத்தாவின் விரல் நின்றுவிட்டது. "இங்க ஒரு பிரிவு உண்டே, காணலையே" என்றார். தாளில் ஓடை நேராகப் போயிற்று. தாத்தா சொன்ன பிரிவு, பெருமழைக்கு மட்டும் தண்ணீர் திரும்புகிற ஒரு தாழ்ந்த நிலம். வருஷாவருஷம் ஓடாது. அளக்க வந்தவர்கள் கோடையில் வந்திருப்பார்கள், கண்ணில் பட்டிருக்காது என்றார் சார். அச்சடித்த தாளில் எழுதக்கூடாது என்பதால் டிரேசிங் பேப்பரை மேலே போட்டு, எங்கள் ஊர்ப் பகுதியைப் படியெடுக்கச் சொன்னார். தாத்தா சொல்லச் சொல்ல அந்தப் பிரிவை நான் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தேன். "இன்னும் கொஞ்சம் தெக்கால... ஆங், அந்தப் பனைக்கிட்ட திரும்பும்." பனை தாளில் இருந்தது.

மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த டிரேசிங் தாளைச் சார் எனக்கே கொடுத்தார். பிளஸ் டூ முடித்தேன், கல்லூரிக்குப் போனேன், கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. தாள் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. 2002-ல் தாத்தா இறந்தார். அடுத்த வருஷம் அப்பா, ரைஸ்மில்லில் கணக்கெழுதிச் சேர்த்த காசில், சாலைக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட பிளாட்டில் ஐந்து சென்ட் வாங்கினார். பட்டா நிலம்தான், பத்திரமெல்லாம் சுத்தம். வில்லங்கம் போட்டுப் பார்த்தார், நான்கு பேரிடம் விசாரித்தார், எனக்கும் போன் செய்து சொன்னார். நல்ல இடம்தானே, வாங்குங்கள் என்றேன். வீடு கட்டி 2004-ல் பால் காய்ச்சினோம்.

2005 ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தமிழ்நாடு முழுக்கக் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். எங்கள் கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். விடிவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அரிசி மூட்டை, தங்கச்சியின் கல்லூரிப் புத்தகங்கள், புதிதாக வாங்கின ஃபிரிட்ஜ் எல்லாம் போயின. அப்பா என்னிடம் போனில் சொன்னது ஒன்றுதான். "எங்கேருந்து வருதுன்னே தெரியலப்பா."

ஊருக்கு வந்து, சேற்றைக் கழுவி முடித்து, பெட்டியைத் திறந்து தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சில் புள்ளிகள் பனையிடம் திரும்பி, சாலைக்குப் பக்கத்தில் வந்து முடிகிற இடத்தில்தான் எங்கள் ஐந்து சென்ட் இருக்கிறது. தாத்தா சொல்லியிருந்தார். நான் என் கையாலேயே புள்ளி வைத்திருந்தேன். அப்பா போன் செய்தபோது, ஒரு நிமிடம் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளை நான் பள்ளிக்கூட நினைவாகத்தான் வைத்திருந்தேன், நிலத்தைப் பற்றிச் சொல்கிற தாளாக வைத்துக்கொள்ளவில்லை. இதை அப்பாவிடம் சொல்லவே எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

வீட்டை விற்கவில்லை, தரையை மூன்றடி உயர்த்தினோம். ஐப்பசி பிறந்தால் அம்மா இன்றும் மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றிவிடுவார்.

அதற்குப் பிறகு யார் இடம் வாங்கப் போகிறேன் என்றாலும் நான் கேட்பது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான். விலையைக் கேட்பது அதற்கு அப்புறம். சொந்தக்காரர்களுக்கு இது சலிப்பாகக்கூட இருக்கும். இருக்கட்டும். 2017-ல் நில அளவைத் துறைக்கு 250 வயது ஆனபோது டோப்போஷீட்டுகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். எங்கள் சார் எழுதிப்போட்டுக் காசு கட்டி வாங்கினது இன்று போனிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. அதாவது, இங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு நீர்நிலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அல்லது அதன் மறுகாலுக்குப் பக்கத்தில்தான் வளர்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது தன் ஊர்த் தாளின் மேல் முட்டிபோட்டுக் குனிந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. எந்தக் குரூப் எடுத்தாலும் சரி.

போன கார்த்திகையில் ஊரில் இருந்தேன். பெரிய கண்மாய் பல வருஷத்துக்குப் பிறகு கலுங்கு தட்டியது. செய்தி கேட்டதும் விடியற்காலையில் கிளம்பிப் போனேன். கலுங்குக் கல்லின் மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மீன்குஞ்சுக்குப் பையன்கள் சேலைத்துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். நான் மறுகாலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி இடத்தில் சீமைக்கருவேலம், வேலியைச் சுற்றிச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. தண்ணீரின் முன்நுனி காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் எனக்கு முன்னால் போயிற்று. பள்ளம் வந்தால் நின்று நிரம்பியது, பிறகு போயிற்று. புதுக் கண்மாயின் வாயில் அது விழும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

அங்கே நின்று சாருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். கண்மாய் மறுகால் போகிறது சார் என்று கத்திச் சொன்னேன். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"கலுங்கு மேல எவ்வளவு போகுது?"

"ஒரு சாண் போகுது சார்."

"புதுக் கண்மாய்க்கு எத்தனை மணிக்குச் சேர்ந்துச்சு?"

"பத்தேகால் சார்."

"கீழ அந்தப் பிரிவுல தண்ணி திரும்புதா பாத்தியா? தாத்தா சொன்னாரே."

இனிமேல்தான் போகணும் சார் என்றேன்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனை இருந்த பக்கம் நடந்தேன்.